வெட்டுக்கத்தியின் மேல் ஓடும் வரிகள்

காட்டை அழித்து நாடாக்கிய கருவிகளுள் முதலிடம் பெறத்தக்கது வெட்டுக்கத்தி. கோடரி பெருமரத்தை வீழ்த்தும். மண்வெட்டி நிலத்தைப் புரட்டும். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னே சென்று வழி திறப்பது கத்தியே ஆகும். 'பாராங்' என்று மலாய்ப் பெயராலேயே நம் தோட்டங்களில் வழங்கும் இக்கருவியைப் பிடித்திராத கை நம்மவருள் அரிது. ஆயினும், அதனை ஒத்ததொரு கத்தியை அரசவைக்கே அணிந்து சென்ற மக்களும் உண்டு என்பதைப் பலர் அறியார்.

ஜாவா நாட்டு அரண்மனைகளில் அதிகாரிகள் மன்னன் திருமுன் செல்லுங்கால், இடையின் இடப்புறத்தே 'வெடுங்' என்னும் அகன்ற வெட்டுக்கத்தி ஒன்றைச் செருகிச் செல்வது மரபு. 1819-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஆங்கிலேயரின் வணிகத் தளத்தை அமைத்த ராஃபிள்ஸ், அதற்கு இரண்டாண்டு முன்னர் வெளியிட்ட ஜாவா வரலாற்று நூலில் இவ்வழக்கத்தின் பொருளை விளக்கியுள்ளார். கெரிஸ் போருக்குரியது, வெடுங்கோ, மன்னன் பணித்தால் மரமும் புல்லும் வெட்டச் சித்தமாயிருக்கிறோம் என்பதற்கு அறிகுறி. உழைப்பாளியின் கருவி ஆங்கே பணிவின் சின்னமாகவும் பதவியின் சின்னமாகவும் விளங்கிற்று.

கெரிஸின் அலகிலும், சிறந்த வெடுங்குகளின் அலகிலும் நீரலை போன்ற வெண்ணிற வரிகள் ஓடக் காணலாம். இவ்வரிகளுக்குப் 'பாமோர்' என்று பெயர். இவற்றைக் கண்டவுடன், "இஃது டமாஸ்கஸ் எஃகு, டமாஸ்கஸ் எஃகோ தமிழன் உருக்கியது, எனவே இதுவும் தமிழன் கலையே" என்று கூறுவோர் நம்மிடையே உளர். யானும் பல்லாண்டுகள் வகுப்பறையில் அவ்வாறே கற்பித்து வந்தேன். அது பிழை என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். அப்பிழையைத் திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டடையில் பிறக்கும் வரி

பண்டைக் கொல்லனுக்குக் கிடைத்த இரும்பு இன்றைய ஆலை இரும்பு போன்றதன்று. சிற்றுலைகளில் அஃது உருகி ஓடுவதில்லை. கசடு கலந்து, கடற்பஞ்சு போன்ற கட்டியாகவே வெளிவரும். ஓரிடத்தில் மென்மையாகவும் மற்றோரிடத்தில் கடுமையாகவும் இருக்கும். அதனைக் காய்ச்சி அடித்து, நீட்டி, மடித்து, மீண்டும் அடித்தால்தான் கசடு நீங்கிச் சீர்ப்படும். ஆகவே, இரும்பை மடித்தடிப்பது முதலில் தேவையால் வந்த தொழில். அழகு பின்னர் வந்து சேர்ந்தது.

ஜாவாவில் 'எம்பு' என்று போற்றப்படும் கொல்லர், இரு இரும்புத் தகடுகளுக்கிடையே நிக்கல் கலந்த இரும்புத் தகடொன்றை வைத்து உலையில் இடுவார். நிறம் சிவப்பினின்று மஞ்சளாகி, வெண்மையை எட்டும் தறுவாயில், அஃதாவது ஏறக்குறைய 1,200 முதல் 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில், அதனை எடுத்துச் சம்மட்டியால் அடிப்பர். இரும்பு உருகாமலே ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். வெப்பம் குறைந்தால் பற்றாது. மிகுந்தால் இரும்பு தீய்ந்து பொறி பொறியாய்ச் சிதறும். இடையே கருஞ்செதில் அகப்பட்டுக் கொண்டால், அவ்விடத்தில் அலகு பின்னர் பிளக்கும். வெப்பமானி இல்லாத காலத்தில் இவ்வளவையும் கண்ணே அளந்தது.

ஒருமுறை மடித்தால் நிக்கல் அடுக்கு இரண்டாகும். ஆறுமுறை மடித்தால் 64. பத்துமுறை மடித்தால் 1,024. காய்ச்சும்தோறும் இரும்பின் ஒரு பகுதி செதிலாய் உதிர்ந்துபோகும். இவ்வாறு அடுக்கிய கட்டியை இரண்டாக்கி, நடுவே எஃகுத் தகட்டை வைத்து மீண்டும் பற்றவைப்பர். கூர்முனை எஃகாதலின் கடுமையாய் வெட்டும்; இருபுறமும் மெல்லிரும்பாதலின் அதிர்ச்சியைத் தாங்கும். இறுதியில் எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் கலந்து பூசினால் இரும்பு கறுக்கும்; நிக்கல் அடுக்கு வெள்ளிபோல் மின்னும். சிந்திய அரிசி, பொன்மழை, தென்னோலை என்றெல்லாம் அக்கோலங்களுக்குப் பெயரிட்டனர். நிக்கல் கலந்த இரும்பு சுலாவெசித் தீவின் லூவு நாட்டிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரம்பானான் அருகே விழுந்த விண்கல் சுராகார்த்தா அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டு, அதன் துண்டுகளும் இத்தொழிலுக்குப் பயன்பட்டன.

மூசையில் பிறக்கும் வரி

தமிழகத்து உருக்கின் வரலாறு முற்றிலும் வேறு. சேலம் வட்டாரத்தில் இரும்புத் துண்டுகளை ஆவாரங் கட்டையோடும் எருக்கிலையோடும் சிறு மண் மூசையில் இட்டு, வாயை மண்ணால் மூடிப் பெருந்தீயில் வைத்தனர். கட்டையும் இலையும் கரியாகி, அக்கரிச்சத்தை இரும்பு ஏற்று உருகி, மெல்ல ஆறி எஃகுக் கட்டியாகும். கொடுமணலிலும், முன்னைத் தென்னார்க்காட்டு மாவட்டத்து மேல்சிறுவளூரிலும் இத்தொழிலின் எச்சங்களை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

இக்கட்டியை யாரும் மடித்தடுக்குவதில்லை. அதனை அளவான வெப்பத்தில் பன்முறை காய்ச்சித் தட்டுங்கால், உள்ளே கரிச்சத்து மிகுந்த நுண்துகள்கள் வரிசையாய்ப் படிந்து, தாமே கோலமாகும். மேனாட்டுக் கொல்லர் தம் வழக்கப்படி இதை வெண்சூட்டில் அடித்தபோது அது நொறுங்கிப் போயிற்று. 1795-இல் இலண்டன் அறிஞர் மன்றத்தில் ஜார்ஜ் பியர்சன் இவ்வெஃகைப் பற்றி ஆய்வுரை அளித்தார். கொல்லர் மகனாகப் பிறந்த ஃபாரடே 1819 முதல் இதன் மறைபொருளைத் தேடினார்; கிட்டவில்லை. 1998-இல் வெர்ஹூவன், பெண்ட்ரே என்னும் இருவர், மிகச் சிற்றளவிலான வனேடியம் போன்ற கலப்புகளே அவ்வரிகளைத் தோற்றுவிக்கின்றன என்று விளக்கினர்.

ஆகவே, ஒன்று மனிதன் அடுக்கிய வரி. மற்றொன்று எஃகு தானே எழுதிய வரி. தோற்றத்தில் ஒத்திருத்தலின் மேனாட்டார் இரண்டையும் டமாஸ்கஸ் என்ற ஒரே பெயரால் அழைத்தனர். இக்குழப்பத்தைப் போக்குதற்கே, ஆங்கில அறிஞர் ஹெர்பர்ட் மேரியன் 1948-இல் அடுக்கிப் பற்றவைக்கும் முறைக்குத் தனிப்பெயர் சூட்டினார். 1939-இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் அகழ்ந்தெடுத்த ஏழாம் நூற்றாண்டு வாளும் இவ்வகையினதே.

உலைக்களம் தரும் சான்று

ஜாவாவின் லாவு மலைச்சரிவில் சூக்கு என்னும் 15-ஆம் நூற்றாண்டுக் கோயிலில் ஓர் அரிய சிற்பம் உண்டு. இடப்புறத்தே ஒருவர் அலகு வடிக்கிறார். வலப்புறத்தே ஒருவர் உலைக்குக் காற்றூட்டுகிறார். நடுவே யானைமுகன் நடமிடுகிறான். கொல்லன் பீமன் என்றும், காற்றூட்டுபவன் அருச்சுனன் என்றும் அறிஞர் கொள்வர். நம் இதிகாச மாந்தர் அங்கே கொல்லராய் நிற்பது கண்டு நெஞ்சம் மகிழ்கிறது. ஆனால் அருச்சுனன் கையிலுள்ள கருவியைக் கூர்ந்து நோக்குக! அது நம் தோல் துருத்தியன்று. செங்குத்தாய் நிற்கும் இரு குழாய்களுள் தண்டுகளை மாறி மாறி இயக்கும் ஊதுகருவி, தென்கிழக்காசியாவுக்கே உரியது. இத்தீவினத்து மக்கள் குடியேறிய மடகாஸ்கர் வரை அது சென்றுள்ளது. கதை பாரதத்தினின்று வந்தது, உலைக்களமோ இம்மண்ணினுடையது. மகாபாரதம் வந்தமையால் கெரிஸும் உடன்வந்தது என்று முடிவுகட்டுதல் சான்றுக்கு ஒவ்வாது.

பெருமையும் உண்மையும்

இதனால் நமக்குச் சிறுமை ஏதுமில்லை. மூசையில் எஃகு உருக்கும் கலையே உலகை வியக்க வைத்த பெருங்கலை. நமக்குரியதை அறிந்தால் பிறருக்குரியதை வேண்டிப் பெறும் தேவை எழாது. வருந்தத்தக்கது வேறொன்று. மேனாட்டு எஃகு மலிவாய் வந்து குவிந்த 19-ஆம் நூற்றாண்டில் நம் மூசைத் தொழில் நலிந்து மறைந்தது. அதன் நுட்பத்தை இன்று நாம் அறிவது, பெரும்பாலும் அயலார் எழுதிவைத்த குறிப்புகளாலும் அகழ்ந்தெடுத்த மூசைத் துண்டுகளாலுமே. கெரிஸ் கலையோ தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து, 2005-இல் யுனெஸ்கோவின் சிறப்புப் பெற்றது.

நாம் வாழும் நாட்டின் கலையை நம் பிள்ளைகள் அதன் உரியவர் பெயராலேயே அறிதல் வேண்டும். நம் முன்னோர் கலையையும் அதன் உண்மையான வடிவில் அறிதல் வேண்டும். அருங்காட்சியகத்தில் வரியோடும் அலகைக் காட்டும் ஆசிரியர், "இது யாருடையது?" என்று கேட்குமுன், "இவ்வரி எங்ஙனம் பிறந்தது?" என்று கேட்பாராக. யான் இப்போது அவ்வாறே கேட்கிறேன்.