இறப்பர் மரமும் எண்ணெய் இறப்பரும்

செயற்கை இறப்பர் வந்துதான் தோட்டத் தொழிலாளியின் வயிற்றில் அடித்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இந்த விளக்கம் தயாராக வந்து நிற்கிறது. விஞ்ஞானத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டால் வேறு சிலர் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? பியூட்டைல் என்னும் ஒரு செயற்கை இறப்பரின் வரலாற்றைப் பார்த்தால், இந்த விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது விளங்கும்.

பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் கன்றுகளாக இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டியின் பசிக்காக யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டை, ருவன்வெலைப் பகுதிகள் இறப்பர்க் காடுகளாயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்களும் அயற்கிராமத்துச் சிங்களத் தொழிலாளரும் விடியற்காலையில் பட்டையைச் சரிவாகக் கீறிச் சிரட்டையில் பால் சேர்த்தார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. சப்பிரகமுவவிலோ மழைக்குக் குறைவில்லை.

1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் தாமஸ், ஸ்பார்க்ஸ் என்ற இரு ரசாயனிகள் பியூட்டைல் இறப்பரை உருவாக்கினர். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் ஐசோபியூட்டிலீன் வாயுவுடன் மிகச் சிறிதளவு ஐசோப்பிரீனைச் சேர்த்து, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 100 பாகைக் குளிரில் இணைத்தால் இது கிடைக்கும். ஐசோப்பிரீன் நமக்கு அந்நியமன்று; மரத்தின் பாலிலுள்ள இறப்பர் முழுவதும் அந்த அலகுகளால் கோத்த சங்கிலியே.

இந்தக் கண்டுபிடிப்பைக் கம்பெனி என்ன செய்தது? பியூட்டைல் பற்றிய விவரங்களை 1938இல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பனுக்கு அளித்தது. பதிலுக்குத் தமது செயற்கை இறப்பரின் இரகசியத்தைத் தர ஹிட்லரின் அரசாங்கம் அனுமதிக்கவில்லை. இவ்வொப்பந்தங்களை எதிர்த்து அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், கம்பெனி 1942 மார்ச்சில் அபராதம் செலுத்திக் காப்புரிமைகளைத் திறந்துவிட இணங்கியது. யுத்தம் கதவைத் தட்டிய பிறகுதான் மூலதனத்துக்குத் தேசபக்தி வந்தது!

அதே 1942இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போயின. நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய இறப்பர் ஊற்று இலங்கையே. மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என்று பட்டையை ஒட்ட வெட்டிப் பாலெடுக்கும் முறை இங்கே ஊக்குவிக்கப்பட்டது. யுத்தத்தின் விலையை மரமும் செலுத்தியது. மறுநடுகைக்கு மானியம் வழங்கும் திட்டம் 1953இல்தான் வந்தது.

பியூட்டைலின் பெருங்குணம் காற்றைக் கசிய விடாமை. இயற்கை இறப்பர் டியூபில் கசியும் காற்றில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான் இதில் கசியும். வெப்பத்தையும் ஓசோனையும் நன்கு தாங்கும். ஆகவே யுத்தத்துக்குப்பின் டியூப் தொழில் பெரும்பாலும் இதன் கைக்குப் போயிற்று. இது உண்மையான நட்டமே, மறைப்பதற்கில்லை.

ஆனால் பியூட்டைலுக்கு ஒரு குறை இருந்தது. கந்தகம் பற்றிக்கொள்ளும் இரட்டைப் பிணைப்புகள் அதன் சங்கிலியில் மிகக் குறைவு. இயற்கை இறப்பரோடு சேர்த்துச் சூடேற்றினால், கந்தகத்தின் பெரும்பகுதியை மரத்தின் இறப்பரே எடுத்துக்கொள்ளும், இரண்டும் ஒட்டுவதில்லை. டியூப் இல்லாத டயருக்கோ, காற்றைக் காக்கும் உட்படலம் டயரின் உடலோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியாக வேண்டும். இதற்காகவே பியூட்டைலைத் திருத்தினார்கள். நூற்றுக்கு ஒன்றேகால் பங்களவு குளோரீனையோ இரண்டு பங்களவு புரோமீனையோ அதன் சங்கிலியில் ஏற்றினால், அது விரைவாக இறுகும். இயற்கை இறப்பரோடும் பிணையும். குளோரீன் ஏற்றிய வகை 1960களில் சந்தைக்கு வந்தது. இன்று டியூப் இல்லாத டயரின் உட்புறத்திலும் ஊசிமருந்துக் குப்பிகளின் அடைப்பானிலும் இருப்பவை பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

மரத்தின் இறப்பரோடு ஒட்டிக்கொள்ளும்படி செயற்கை இறப்பரைத் திருத்த வேண்டியிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். லொறி டயரும் விமான டயரும் இன்றும் இயற்கை இறப்பரை விட்டு நகர முடியவில்லை. 1950இல் உலகின் இயற்கை இறப்பர் உற்பத்தி இருபது இலட்சம் தொன்னுக்கும் குறைவு. இன்று அது ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கும் மேல்.

அப்படியானால் சப்பிரகமுவத் தொழிலாளியை வீழ்த்தியது எது? கொரிய யுத்தம் ஏற்றிய விலை 1952இல் சரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சீனாவுடன் செய்த ஒப்பந்தம், ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு உலகச் சந்தையைவிட உயர்ந்த விலையும் 2,70,000 தொன் அரிசியும் பெற்றுத் தந்தது. விலை என்பது அரசுகள் முடிவெடுத்தால் மாறக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த இறப்பருக்குப் பால் வெட்டிய இந்தியத் தமிழரில் மிகப் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, அடுத்த ஆண்டில் வாக்கையும் இழந்திருந்தார்கள். வாக்கில்லாதவனின் கூலிக்காக எந்த மந்திரி வாதாடுவான்?

1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. இரத்தினபுரித் தோட்டங்களில் எஞ்சியிருந்தவர்கள் 1981 ஆகஸ்டில் லயங்களிலேயே தாக்கப்பட்டார்கள். கடல் கடந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கன்னியாகுமரியிலும் கேரளத்துப் புனலூரிலும் கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் அரசாங்கங்கள் வேலை கொடுத்தன. அங்கும் இறப்பர்த் தோட்டங்கள்தாம். அவர்கள் கையில் கிடைத்தது மறுபடியும் பால்வெட்டும் கத்திதான்.