எம்ப்ளாய்மென்ட் பதிவுல இருந்து டெட் வரைக்கும்: ஒரு டீச்சர் வேலைக்கான முப்பது வருஷம்

இந்த எபிசோட்ல ராஜாவும் இல்ல, போரும் இல்ல. தமிழ்நாட்டுல அரசு ஆசிரியர் வேலைக்கான விதிகள் எப்படியெல்லாம் மாறுச்சுங்கிற கதை. அரசாணைகளை வரிசையா வாசிச்சா தூங்கிடுவீங்க. அதனால சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல பண்ற மாதிரி, ஒரு கற்பனை ஆளை உருவாக்கி ஒவ்வொரு விதிக்குள்ளயும் அனுப்பிப் பார்ப்போம்.

1972ல பிறந்த ஒரு அக்கா. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீடு. 1993ல பி.எட். முடிச்ச கையோட எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிவு பண்றாங்க. அப்புறம் கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க. வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்துல மில் வேலை. அக்காவும் அங்கேயே ஒரு தனியார் பள்ளியில கணக்கு டீச்சர். காலையில பஸ், சாயங்காலம் வீட்டுல டியூஷன்.

வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945ல தொடங்குனது இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு ராணுவத்துல இருந்து வந்தவங்களுக்காக. நாளடைவுல அது எல்லாருக்குமான வரிசை ஆயிடுச்சு. மூணு வருஷத்துக்கு ஒருதரம் ரெனியூவல். மறந்தா சீனியாரிட்டிக்கே ஆபத்து. ஆசிரியர் தேர்வு வாரியம் 1987லயே வந்துடுச்சு, நடுவுல சில வருஷம் போட்டித் தேர்வும் நடந்துச்சு. ஆனாலும் பெரும்பாலான வீடுகள்ல நம்பிக்கை அந்தப் பதிவு அட்டை மேலதான். கூடப் படிச்ச தோழி ஒருத்தருக்கு 2008ல பதிவு மூப்புலயே வேலை கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம். அக்காவுக்கு இன்னும் முறை வரல.

2010 ஏப்ரல்ல கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வருது. எட்டாம் வகுப்பு வரைக்கும் பாடம் எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், கட்டாயம். தமிழ்நாட்டோட முதல் டெட் 2012 ஜூலை 12. 150 கேள்வி, 90 நிமிஷம். ஒரு கேள்விக்கு 36 விநாடி! ஆறு லட்சம் பேருக்கு மேல எழுதி, பாஸ் ஆனது 2,448 பேர். எனக்கு இதுல சோதிச்சது ஆசிரியர்களையா கடிகாரத்தையான்னு சந்தேகம். அக்டோபர்ல மூணு மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்துனாங்க.

அக்காவுக்கு இப்ப நாற்பது வயசு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல 1875ல தொடங்குன பென்னிங்டன் நூலகம் இருக்கு. ஆனா அங்க போய் உட்கார்ந்து படிக்கிற நேரத்துலதான் டியூஷனும் அடுப்பும். 2013 டெட்ல 85 மார்க் எடுக்கறாங்க. 90 வேணும், ஃபெயில். 2014 பிப்ரவரியில இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 82 போதும்னு, 2013 தேர்வுக்கும் சேர்த்து அரசு தளர்த்துது. பாஸ்.

அப்ப வேலை? இங்கதான் 2014 மே மாத அரசாணை 71. டெட் மார்க்குக்கு 60, மீதி 40 பழைய படிப்புக்கு: பிளஸ் டூவுக்கு 10, டிகிரிக்கு 15, பி.எட்.டுக்கு 15. அக்கா 1989ல பிளஸ் டூ. அன்னைக்கு 60 சதவீதம்னாலே தெருவுல மிட்டாய் கொடுப்பாங்க. அவங்களுக்கு 6. மார்க் அள்ளி வழங்குன காலத்துல 90 சதவீதம் வாங்குனவருக்கு 9. மூணு மார்க்தானேன்னு தோணும். டெட்ல ஒரு கேள்வியோட மதிப்பு 0.4. அந்த மூணை ஈடுகட்ட அக்கா எட்டு கேள்வி கூடுதலா சரியா போட்டிருக்கணும். இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி எழுதுன ஒரு பரீட்சைக்காக! உச்ச நீதிமன்றம் 2016ல இந்த முறை செல்லும்னு சொல்லிடுச்சு. செல்லும்தான், நியாயம்னு எனக்குப் படல. பதிவு மூப்பும் நியாயம்னு சொல்ல மாட்டேன். காத்திருக்க வசதி உள்ளவங்களுக்குத்தான் அது வரிசை. ஆனா ஒரு வரிசையில இருபது வருஷம் நின்னவரை, அதுவரைக்கும் நின்னதுக்கு எந்தக் கணக்கும் இல்லாம, இன்னொரு வரிசையோட கடைசியில விட்டது வேற விஷயம்.

மிச்சத்தை வேகமா ஓட்டிடறேன். 2018ல அரசாணை 149: டெட் பாஸ் ஆனவங்க இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும். 2020ல வயசு வரம்பு, பொதுப் பிரிவுக்கு 40, மத்தவங்களுக்கு 45. அக்காவுக்கு 48, வெளியே. அதே வருஷம் டெட் சான்றிதழோட ஏழு வருஷக் கெடுவும் முடியுது. 2021ல சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்னு மாத்துறாங்க. 2023ல வயசு வரம்பு 53, 58 ஆகுது. அக்காவுக்கு 51, மறுபடி உள்ளே! 58ல சேர்ந்தா ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மென்ட்டும் உண்டு.

இப்ப அந்தத் தோழிகிட்ட வருவோம். 2025 செப்டம்பர் 1 அன்னைக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: பணியில இருக்கிறவங்களும், ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா, ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும். அஞ்சு வருஷத்துக்குக் கம்மின்னா வேலை இருக்கும், பதவி உயர்வு இல்ல. தோழிக்கு ஓய்வு 2032ல. பதினேழு வருஷமா பாடம் எடுத்தவங்க 53 வயசுல குழந்தை மேம்பாட்டுல 30 கேள்வி, தமிழ்ல 30, இங்கிலீஷ்ல 30, கணக்கு அறிவியல்ல 60ன்னு படிக்க உட்காரணும்.

அக்காகிட்ட 2013 நோட்ஸ் இருக்கும், வாங்கிக்கலாமேன்னு நினைப்பீங்க. 2018ல ஆரம்பிச்சு பாடப்புத்தகங்களையும் மாத்திட்டாங்க.