மலாயாத் தோட்டத் தமிழர் இலக்கியத்தில் நினைவும் அடையாளமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, மழைக்காடுகளை வெட்டித் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளரைப் பற்றிய புனைவுகளும் வாழ்க்கை வரலாறுகளும் மலேசியத் தமிழ் இலக்கியத்தின் முக்கியமான கிளையாகும். அக்காடுகள் இருந்த இடத்தில் நடப்பட்ட ரப்பர் மரம் அமேசானுக்கு உரியது. 1876இல் ஹென்றி விக்காம் அங்கிருந்து எடுத்துச் சென்ற விதைகளில் முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூரை அடைந்தன.   

தஞ்சை வட்டாரத்திலிருந்து சென்றோரில் பலர் மிராசுதாரரின் வயலில் பண்ணையாளாக உழைத்த, சொந்த நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்ட சஞ்சிக்கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிந்தபின், தோட்டத்திலிருந்து சொந்த ஊருக்கு வந்து ஆள்திரட்டிய மேஸ்திரியாகிய கங்காணியின் வழியே குடியேற்றம் தொடர்ந்து, 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. ஆகவே இவ்விலக்கியத்தில் வரும் ‘ஊர்’ நினைவை இழந்த நெல்வயலுக்கான ஏக்கமாக மட்டும் படிப்பது பிழை. ஊரில் இல்லாத நிலமே அயல்மண்ணிலும் கைகூடாமற்போவதுதான் அதன் ஆழமான துயரம்; கெடா மாநிலத்துப் பிடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவல், குடியேறிய பாட்டியும் அவள் மகனும் உரிமைப்பத்திரம் இல்லாத நிலத்தைப் பற்றிக்கொள்ள முயன்று தோற்பதைச் சித்திரிக்கிறது.

லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பும் மாரியம்மன் கோயிலும் கள்ளுக்கடையும் சேர்ந்த தோட்ட வாழ்க்கையைத் தமிழக எழுத்தாளர் அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலில் வருகையாளரின் பரிவோடு எழுதினார். உள்ளிருந்து எழுந்த குரல் வேறு வகையானது. ஜப்பானியர் 1942–43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைத்தபோது, தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவாலும் பட்டினியாலும் மாண்டனர். இதை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் பதிவு செய்தன. அப்பாதையின் நேசநாட்டுப் போர்க்கைதிகள் உலகறிந்த நூல்களுக்கும் திரைப்படத்துக்கும் பொருளாயினர். அவர்களைவிட மிகுதியாக இறந்த ஆசியத் தொழிலாளர் எழுத்தறிவு வாய்க்காதவர்களாதலால் அவர்கள் கைப்பட எழுதியவை மிக அரிது. சண்முகத்தின் நாவல் நூலாக வெளிவந்தது 1993இல், பாதை முடிந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து.