இடைவெளியும் ஒழுங்கும்: கணினிகளுக்கிடையிலான தரவுப் பரிமாற்றமும் தமிழெழுத்தும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் தன் அறிவைத் தனக்கெனப் பதிந்துவைக்கும் முறையும், அதனைப் பிறரிடத்துச் சேர்ப்பிக்கும் முறையும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. தனக்கெனப் பதிபவர் தம் வசதிக்கேற்பச் சுருக்கியும் விரித்தும் எழுதலாம். பிறரிடத்துச் சேர்ப்பிக்க முற்படும்போதோ, எழுதுபவரும் படிப்பவரும் ஏலவே ஒப்புக்கொண்ட ஒரு பொது ஒழுங்கு இன்றியமையாததாகின்றது. அவ்வொழுங்கு இல்லாதவிடத்து, பதிவு கையிலிருந்தும் அதனைப் படிக்கவியலாத நிலை தோன்றும். கணினி வலையமைப்பின் வரலாற்றில் இப்பிரச்சினை மிகக் கூர்மையாக எழுந்தது. ஒரே நிரலை வெவ்வேறு தொகுப்பிகள் வெவ்வேறு கணினிகளுக்கென மொழிமாற்றியபோது, ஒரே தரவு நினைவகத்தில் வெவ்வேறு வடிவிற் கிடந்தமையே அதன் தோற்றுவாய். அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை நோக்குவதோடு, ஈழத்துத் தமிழெழுத்துக் கணினிக்குட் புகுந்தபோது அதே பிரச்சினை எவ்வாறு மீண்டும் தலைதூக்கியது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

ஏடும் அச்சும்

யாழ்ப்பாணத்தின் நூற்பதிப்பு வரலாற்றை அறிந்தோர்க்கு இப்பிரச்சினை முற்றிலும் புதியதன்று. ஓலைச்சுவடிகளிற் சொற்களுக்கிடையே இடம் விடப்படுவதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கும் பெரும்பாலும் இல்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு வரிவடிவிற் காட்டப்படவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஓலையின் பரப்புச் சிறிது. ஆதலின் எழுத்துக்கள் நெருக்கி அடுக்கப்பட்டன. விடுபட்டவற்றைப் படிப்பவர் தம் கல்வியால் நிரப்பிக்கொண்டனர். அக்கல்வி ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்கு வாய்வழியாகச் சென்றது. எழுதியவரும் படித்தவரும் ஒரே கல்விமரபைச் சார்ந்தோராய் இருந்த காலம்வரை இம்முறை பெரிதும் இடரின்றி இயங்கியது.

அச்சின் வருகை இந்நிலையை மாற்றியது. 1841இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியது. 1849 அளவில் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் ஒன்றைச் சென்னையிலிருந்து வண்ணார்பண்ணைக்குக் கொண்டுவந்தார். அச்சிட்ட புத்தகத்தை எவ்வூரில் எவர் படிப்பர் என்பது பதிப்பாசிரியருக்குத் தெரியாது. எனவே, முன்னர் ஆசிரியர் வாயிலாக அறியப்பட்டவற்றை இப்பொழுது தாளிலேயே காட்டவேண்டியதாயிற்று. நாவலர் தம் உரைநடையிற் சொற்களைப் பிரித்தும் தரிப்புக்குறிகளை இட்டும் எழுதியமையும், சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தமையும் இப்பகைப்புலத்தில் வைத்து நோக்கத்தக்கன. குழுவொன்றின் உள்வழக்காயிருந்த ஒழுங்கு பொதுமக்களுக்குரிய வெளிப்படையான ஒழுங்காக மாறியது என இதனைச் சுருக்கிக் கூறலாம். கணினி வலையமைப்பிலும் இதனையொத்த மாற்றமே நிகழ்ந்தது.

நினைவகத்தின் உள்ளொழுங்கு

கணினியின் நினைவகத்தைப் பைட்டு எனப்படும் சிறு அறைகளின் நீண்ட வரிசையாகக் கொள்ளலாம். ஒவ்வோர் அறைக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்கும் ஓர் இலக்கம் உண்டு. நான்கு பைட்டு அளவினதான ஓர் எண்ணை, நான்கால் வகுபடும் இலக்கமுடைய அறையிலிருந்து தொடங்கி வைப்பின், இயந்திரம் அதனை எளிதில் எடுக்கும். வேறிடத்தில் வைப்பின் மேலதிக முயற்சி வேண்டும். சில இயந்திரங்கள் எடுக்கவே மறுக்கும். 1964இல் அறிமுகமான ஐ.பி.எம். 360 வரிசைக் கணினிகள் இவ்வெல்லையொழுங்கைக் கட்டாயமாக்கின. பின்னர் வந்த சன் நிறுவனத்தின் ஸ்பார்க் செயலிகளும் அவ்வாறே. 1978இல் வெளிவந்த இன்டெல் 8086இன் வழிவந்தவை, ஒழுங்கு தவறினும் பொதுவாகப் பொறுத்துக்கொண்டன. நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் தொகுப்பிகள் தத்தம் இயந்திரத்தின் இயல்புக்கேற்பத் தரவுகளுக்கிடையே வெற்றறைகளை இட்டு எல்லையைச் சரிசெய்தன. இவ்வெற்றறைகளை ஈண்டு நிரப்பிடம் எனக் குறிப்பிடுவோம்.

1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய சி மொழி, வலையமைப்பு நிரல்களின் முதன்மையான மொழியாயிற்று. பல தரவுகளை ஒன்றுசேர்த்து ஒரு பதிவமைப்பாக எழுத அம்மொழி இடமளிக்கின்றது. உறுப்புக்கள் எழுதிய வரிசையிலேயே அமையும். ஆனால் அவற்றிடையே எத்துணை நிரப்பிடம் இடுவது என்பது தொகுப்பியின் முடிவு. 1989இல் அமெரிக்க நியம நிறுவனம் அம்மொழிக்கு நியமம் வகுத்தபோதும் இவ்வுரிமை தொகுப்பியிடமே விடப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு பைட்டுக் குறியீடு, நான்கு பைட்டு எண், இரண்டு பைட்டு எண் ஆகிய மூன்றையும் இவ்வரிசையிற் கொண்ட பதிவமைப்பின் அளவு, கூட்டிப் பார்ப்பின், 7 பைட்டு. 32 பிட் கணினிகள் பலவற்றின் தொகுப்பிகள் குறியீட்டின் பின் மூன்றும் இறுதியில் இரண்டுமாக நிரப்பிடம் இட்டு, அதனை 12 பைட்டாக ஆக்கும். மோட்டரோலா 68000 செயலிக்கென இரட்டையெண் எல்லையை மாத்திரம் பேணிய தொகுப்பிகள் ஒரேயொரு வெற்றறையை இட்டு 8 பைட்டாக ஆக்கும். நெருக்கி அடுக்குமாறு தொகுப்பிக்குக் கட்டளையிடின் 7 பைட்டாகவே இருக்கும். அவ்வவ் இயந்திரத்தினுள் மூன்றும் சரியானவையே. ஆயின், முதலாவது கணினி தன் நினைவகத்திற் கிடந்தவாறே 12 பைட்டையும் அனுப்ப, இரண்டாவது கணினி அதனைத் தன் 8 பைட்டு ஒழுங்கிற் படிக்குமாயின், நிரப்பிடத்தின் இரு பைட்டையும் எண்ணின் முதலிரு பைட்டையும் சேர்த்து ஓர் எண்ணாகக் கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பொருளற்ற ஓர் எண் பொருளுள்ளதுபோல ஏற்றுக்கொள்ளப்படும். இப்பிரச்சினையின் அபாயம் இவ்வமைதியிலேயே தங்கியுள்ளது.

உடன்பாட்டின் தோற்றம்

இதனோடு இணைந்த பிறிதொரு வேறுபாடும் இருந்தது. பல பைட்டுக்களாலான எண்ணை வைக்கும்போது, ஐ.பி.எம். 360 உயர்மதிப்புடைய பைட்டை முதலில் வைத்தது. 1970இல் வெளிவந்த பி.டி.பி. 11 தாழ்மதிப்புடையதை முதலில் வைத்தது. எது சிறந்தது என்ற விவாதம் நிறுவனப் பற்றோடு கலந்து நீண்டது. 1980 ஏப்ரல் 1ஆம் நாளிட்ட ஒரு கட்டுரையில், டேனி கோஹன் என்ற அறிஞர் இதனைச் சுவிப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணக் கதையில் வரும் முட்டைச் சண்டையோடு ஒப்பிட்டார். முட்டையைப் பெருமுனையில் உடைப்பதா சிறுமுனையில் உடைப்பதா என்று இரு நாட்டார் அங்கே போரிடுவர். எந்த ஒழுங்கு என்பதைவிட, ஓர் ஒழுங்கை யாவரும் ஒப்புக்கொள்வதே முக்கியம் என்பது அவர்தம் முடிபு.

1981 செப்டெம்பரில் ஜோன் போஸ்டல் பதிப்பித்து வெளியிட்ட ஆர்.எவ்.சி. 791 என்னும் ஆவணம் இணைய நெறிமுறைக்கு இத்தகைய உடன்பாட்டை எழுத்தில் வகுத்தது. உயர்மதிப்புப் பைட்டே முதலில் அனுப்பப்படும் என அது விதித்தது. குறைந்தது 20 பைட்டு நீளமான தலைப்பகுதியின் ஒவ்வோர் உறுப்பும் எத்தனையாவது பிட்டில் தொடங்கும் என்பதைப் படமாகவே வரைந்து காட்டியது. அனுப்புநர் முகவரி 12ஆம் அறையிலும் பெறுநர் முகவரி 16ஆம் அறையிலும் தொடங்குகின்றன. இரண்டும் நான்கால் வகுபடுவன. எனவே, எந்தத் தொகுப்பியும் இடையில் நிரப்பிடம் இடவேண்டிய தேவை எழவில்லை. 1983 சனவரி 1ஆம் நாள் ஆர்ப்பாநெற் வலையமைப்பு இந்நெறிமுறைக்கு மாறியது.

ஆயினும் ஓர் ஒழுங்கின்மேல் இன்னோர் ஒழுங்கை அடுக்கும்போது இரண்டும் இசையும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஈதர்நெற் சட்டகத்தின் தலைப்பகுதி 14 பைட்டு நீளமானது. அதன்பின் வரும் இணைய நெறிமுறைத் தலைப்பகுதி நான்கால் வகுபடாத இடத்தில் தொடங்கிவிடுகின்றது. இதனைச் சரிசெய்யவே பெறும் நிரல்கள் பல, சட்டகத்தின் முன்னால் இரண்டு பைட்டை வெறுமையாக விட்டு வாங்குகின்றன.

தொகுப்பிகளை ஆக்கியோர் நெருக்கி அடுக்கும் கட்டளைகளைத் தத்தம் மொழிநடையில் வழங்கினர். மைக்ரோசாப்ட் தொகுப்பியின் கட்டளை ஒரு வகையினது. குனூ தொகுப்பியினது இன்னொரு வகையினது. இக்கட்டளைகள் நிரப்பிடத்தை நீக்கினவேயன்றிப் பைட்டு வரிசையை மாற்றவில்லை. எல்லையொழுங்கைக் கண்டிப்பாகப் பேணும் இயந்திரங்களில், அவ்வாறு நெருக்கப்பட்ட உறுப்பை நேரே சுட்டி எடுக்க முனையும் நிரல் நின்றுபோகவும் கூடும். ஆகவே, நினைவகத்திற் கிடக்கும் வடிவை அப்படியே அனுப்பாது, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பொதுவடிவுக்கு மாற்றி அனுப்புதலே தக்கது என்ற கருத்து வலுப்பெற்றது. 1987 யூனில் சன் நிறுவனம் ஆர்.எவ்.சி. 1014 வாயிலாக வெளியிட்ட புறத்தரவு வடிவம் இதற்குச் சான்று. அதில் ஒவ்வோர் உறுப்பின் நீளமும் நான்கின் மடங்கு. குறையுமிடம் பூச்சியத்தால் நிரப்பப்படல் வேண்டும் என்பதும் எழுதப்பட்ட விதி. நிரப்பிடத்தின் உள்ளீட்டைக்கூட விதியாக்கியமை தேவையற்ற நுணுக்கமன்று. 2003இல் ஒரு குறைபாடு வெளிப்படுத்தப்பட்டது. குறுகிய ஈதர்நெற் சட்டகங்களை உரிய குறைந்தபட்ச நீளத்துக்கு நிரப்பும்போது, இயக்கிநிரல்கள் பல பூச்சியத்தை இடாது நினைவகத்தில் எஞ்சிக்கிடந்தவற்றையே அனுப்பிவந்தன. அதனாற் பிறருடைய தரவுத் துணுக்குகள் வெளியே கசிந்தன.

தமிழெழுத்தின் நிலை

மேற்கூறிய வரலாற்றில் இயந்திர உற்பத்தியாளர் வகித்த இடத்தைத் தமிழெழுத்தின் வரலாற்றில் எழுத்துரு ஆக்குநர் வகித்தனர். தனியாட் கணினிகள் பரவியபோது ஆக்குநர் ஒவ்வொருவரும் தமிழெழுத்துக்களைத் தத்தம் விருப்பப்படி இலக்கங்களில் அமர்த்தினர். ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு, தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலேயே வைத்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், தமிழ் என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். பதிவு பழுதாகவில்லை, அதன் ஒழுங்கைக் கூறும் ஆவணமே உடன் வரவில்லை.

வரிசை பற்றிய சிக்கலும் இங்கு உண்டு. கொ என்ற எழுத்தைப் பாமினி முறை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று குறியீடுகளாக வைத்தது. 1991இல் வெளிவந்த யூனிகோட் ஒலிவரிசையில் ககரம், ஒகரக்குறி என இரண்டாக வைக்கின்றது. அந்த யூனிகோட்டிலும் இரண்டு பைட்டு வடிவைப் பயன்படுத்தும்போது பைட்டு வரிசை மாறிவிடின், ககரம் ஒரு சீன எழுத்தாகிவிடும். 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்த யூ.ரி.எவ். 8 வடிவில் பைட்டு வரிசையே உடன்பாட்டின் பகுதியாதலின் இவ்விடர் இல்லை.

யூனிகோட்டின் தமிழ்ப்பகுதி இந்திய அரசின் இஸ்கி முறையைப் பின்பற்றியது. இந்திய எழுத்துக்கள் அனைத்தும் தேவநாகரிக்கு நேரே அமையுமாறு ஒரே கட்டத்தில் அடுக்கப்பட்டன. எனவே ககரத்துக்கும் ஙகரத்துக்குமிடையே, தமிழில் இல்லாத மூன்று எழுத்துக்களின் பொருட்டு மூன்று வெற்றிடங்கள் கிடக்கின்றன. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டமையால், குறியீட்டு வரிசைப்படி அடுக்கின் தமிழ் நெடுங்கணக்கு வராது. அதற்குத் தனிவிதி வேண்டும். இவ்வொழுங்கு எவருடைய எல்லைக்கு இசைய வகுக்கப்பட்டது என்ற வினா நியாயமானதே. நியமங்கள் வகுக்கப்படும் அவையில் இடம்பெறாத மொழிச்சமூகம், பிறர் வகுத்த கட்டத்தினுள் தன்னைப் பொருத்திக்கொள்ள நேரிடுகின்றது. 1997இற் சிங்கப்பூரிலும் 1999இற் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகளும், 2000இல் உத்தமம் அமைப்பின் தோற்றமும் இக்குறையை உணர்ந்து எழுந்த முயற்சிகள். இலங்கையில் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ் நியமம் வெளியாயிற்று. கட்டத்தின் குறைகள் இருந்தபோதிலும், எழுதப்பட்டு யாவருக்கும் திறந்திருக்கும் ஓர் உடன்பாடு, எழுதப்படாத பல தனியொழுங்குகளினும் மேலானது என்பதை மறுத்தல் இயலாது.

யாழ்ப்பாணம் எதிர்நோக்கும் பணி

ஆர்.எவ்.சி. 791 வெளியான அதே 1981ஆம் ஆண்டில், மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில், யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிக்கப்பட்டது. 1983இன் பின் எழுதுவோரும் படிப்போரும் பல நாடுகளுக்குச் சிதறினர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் குடாநாட்டிலும் கணினியில் அச்சுக்கோக்கப்பட்ட சஞ்சிகைகளும் நூல்களும் வெவ்வேறு எழுத்துருக்களின் ஒழுங்கிற் கிடந்தன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கி முறையில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோட்டுக்கு மாற்றியது. அம்முறையின் அட்டவணை வெளிப்படையாக இருந்தமையால் அது இயல்வதாயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து வெளியீடுகளைப் பெரும்பாலும் பக்கப்படங்களாகப் பேணுகின்றது. படம் எழுத்துருவைச் சார்ந்ததன்று. ஆயினும் அதனுட் சொல்லைத் தேடவியலாது.

எரிந்த நூலை மீட்கவியலாது. ஒழுங்கு தெரியாத கோப்பை மீட்கலாம். அதற்கு அந்த எழுத்துருவின் குறியீட்டு அட்டவணை வேண்டும். அவ்வட்டவணைகள் பல இன்று பழைய வட்டுக்களிலும் அச்சகங்களின் கைவிடப்பட்ட கணினிகளிலுமே எஞ்சியிருத்தல் கூடும். ஆகவே, நூல்களைத் திரட்டுவதோடு அவை எந்த எழுத்துருவில் எந்த ஒழுங்கில் அமைந்தன என்பதையும் பதிந்து, அட்டவணைகளையும் மாற்றிநிரல்களையும் நூலகப் பொருள்களாகவே சேமித்தல் எமது பல்கலைக்கழகங்களின் கடனாகும். தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடியபோது அவற்றைப் படிக்கவல்ல புலவர் சிலராவது இருந்தனர். எழுத்துருக்களை ஆக்கியோரும் அவற்றாற் கோப்புக்களை அமைத்தோரும் பலர் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கவேண்டிய காலம் இதுவே.