புறம்போக்கின் பெயர்

ஏர் ஏறாத மண்ணைப் பழைய ஆங்கிலத்தில் 'ஹேத்' என்றார்கள், இன்று 'ஹீத்'. அமிலம் மிகுந்த, சத்தற்ற மண். கோதுமை விளையாது. முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர் மண்டிக் கிடக்கும். ஆகஸ்ட்டில் அது பூத்தால் கண்ணுக்கு எட்டியவரை ஊதா. ஊரார் அங்கே ஆடு மேய்த்தார்கள், அடுப்புக்குச் செடி வெட்டினார்கள். நம் பேச்சில் சொன்னால் மேய்ச்சல் புறம்போக்கு.

அதன் ஓரமாகக் குடியிருந்தவர்களை இடைக்காலத்தில் அந்த நிலத்தைச் சொல்லியே அடையாளம் காட்டினார்கள். அப்படித்தான் ஹீத் குடும்பப் பெயரானது. 1970 முதல் 1974 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த எட்வர்ட் ஹீத் வரை அது தொடர்ந்தது. பிள்ளையைக் கூப்பிடும் பெயராக அதை மாற்றிய பாதை வேறு. அது யார்க்‌ஷயரின் ஹாவொர்த் கிராமத்தில் தொடங்குகிறது.

அந்த ஊர்ப் பாதிரியாரின் மகள் எமிலி பிராண்டே. வீட்டுக்குப் பின்னால் விரிந்த மேட்டுநிலத்தில் நடந்தே வளர்ந்தவர். எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் 1847இல் வெளிவந்த 'வுதரிங் ஹைட்ஸ்' அவருடைய ஒரே நாவல். அதில் எர்ன்ஷா என்ற பண்ணைக்காரர் அறுபது மைல் நடந்து லிவர்பூல் போகிறார். தெருவில் பசியோடு கிடந்த ஒரு சிறுவனைத் தன் கோட்டுக்குள் பொதிந்து தூக்கி வருகிறார். சின்ன வயதில் இறந்துபோன தன் மகனின் பெயரையே அவனுக்கு வைக்கிறார்: ஹீத்கிளிஃப். புதர்க்காடும் செங்குத்துப் பாறையும் சேர்ந்த பெயர். அவனுக்கு வேறு குடும்பப் பெயரே கிடையாது. நாவலில் என் நெஞ்சை அடைக்கும் இடம் இதுதான். ஊரும் உறவும் இல்லாதவனுக்கு ஒரு நிலமே முதலும் முடிவுமான பெயராகிறது.

நாவல் வந்த மறு வருடம், முப்பது வயதில், எமிலி இறந்தார். பெயர் இறக்கவில்லை. 1965இல் தொடங்கிய 'தி பிக் வேலி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், முறை தவறிப் பிறந்த மகன் ஒருவன் தந்தையின் பண்ணைக்கு உரிமை கேட்டு வருகிறான். அவன் பெயர் ஹீத். வாசலுக்கு வெளியே நிற்பவனுக்கே மறுபடியும் அந்தப் பெயர்.

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு தம்பதி தங்கள் மகனுக்கு ஹீத்கிளிஃப் என்று பெயரிட்டார்கள். மூத்த மகளுக்கு நாவலின் நாயகி காத்தரின் பெயரை ஏற்கெனவே வைத்திருந்தார்கள். கதையில் கண்டெடுத்த பிள்ளைக்கு வைத்த பெயர், இங்கே பெற்ற பிள்ளைக்கு வந்தது. அவன்தான் நடிகர் ஹீத் லெட்ஜர். 2008இல், இருபத்தெட்டு வயதில் மறைந்தார்.

அடுத்த வருடம், அவர் நடித்த ஜோக்கர் வேடத்துக்காக, ஆஸ்கர் மேடையில் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். பெயர் வைத்த அப்பாவும் அம்மாவும், காத்தரின் பெயரைத் தாங்கிய அக்காவும் எழுந்து போய் விருதை வாங்கிக்கொண்டார்கள்.