ஒத்தி என்றார்கள், கிரயம் என்று எழுதினார்கள்

தலித்துகள் நிலம் இழந்த வரலாறு அடிதடியால் மட்டும் நடந்ததல்ல. பாதி காகிதத்தால் நடந்தது.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அங்குள்ள பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 30.9.1892-ல் அரசாணை 1010 வந்தது. அப்படிக் கொடுத்த பஞ்சமி நிலத்தைப் பத்து வருஷம் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பிறகும் நம்மவர்க்குள்தான் கைமாறலாம். அடகையும் சேர்த்துத் தடுத்தார்களே, ஏன்? கடன்தான் மண்ணைப் பிடுங்கும் என்று தெரிந்ததால். அப்படியும் நிலம் போயிற்று. அதைக் கேட்டுத்தான் 10.10.1994-ல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

எங்கள் புதுக்கோட்டையோ 3.3.1948 வரை தொண்டைமான் சமஸ்தானம். சென்னை சர்க்காரின் அந்த ஆணை இங்கே செல்லாது. மற்றவர்களுக்கு உள்ள பொதுச்சட்டம்தான் எங்களுக்கும். அதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

புரோநோட்டு ஆளைக் கட்டும், நிலத்தைக் கட்டாது. நோட்டை நீட்டி எவனும் வயலில் இறங்க முடியாது, கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். அதற்கும் மூன்று வருஷக் கெடு. வட்டி வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினால் கெடு புதுசாகிவிடும். வெறும் ஸ்டாம்பு ஒட்டிய தாளில் கைநாட்டு வைத்தால், வாங்கியவன் நிரப்பிக்கொள்ள 1881-ஆம் வருஷச் சட்டத்தின் 20-ஆம் பிரிவே இடம் தருகிறது. பணம் வாங்கவில்லை என்று நிரூபிப்பதும் நம் தலையில்தான்.

ஒத்தி வேறு. விளைச்சல் அவனுக்கு, மண் நமக்கு. நூறு ரூபாய்க்கு மேல் என்றால் பதிவு வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். முப்பது வருஷம் ஆயிற்று என்பதாலேயே ஒத்தி கிரயமாகிவிடாது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதைச் சொல்லிவிட்டது.

மோசடி எங்கே? "ஒத்திதான்டா வச்சோம், நாலு மூட்டை நெல்லுக்கு"ன்னு எங்க அப்பாயி சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பத்திரத்தை நான் எடுத்துப் படித்தேன். கிரயம் என்று இருந்தது. கீழே அய்யாவின் ரேகை. திருப்பித் தருவதாக வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. கிரயம்போல எழுதினாலும் அது அடமானம்தான் என்று சொல்ல, திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இருக்கவேண்டும். இது 1929-லிருந்து சட்டம்.

1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது குடுமியான்மலைப் பக்கம் கல்லுடைக்கிற பெண்களும் எழுத்துக் கற்றார்கள். ரேகை கையெழுத்தானது. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாது, மேலே எழுதியிருப்பதைப் படிக்கவும் வேண்டும்.

தோழர்களே, சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உங்கள் பாட்டன் வைத்தது ஒத்தி என்று அங்கே இருந்தால், அந்த மண் இன்னும் போகவில்லை.