நட்டு எந்தப் பக்கம்?

லியோ ஃபெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. கணக்கியல் படித்தவர். 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். அவருடைய பட்டறையிலிருந்து 1951-இல் வெளிவந்த ப்ரெசிஷன் பேஸ்தான் இன்று உலகம் முழுக்க நாம் பார்க்கும் பேஸ் கித்தாரின் மூல வடிவம். முதல் மின் பேஸ் அது இல்லை. சியாட்டலில் பால் டுட்மார்க் 1930-களிலேயே ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தார். நிலைத்தது ஃபெண்டருடையது. இளையராஜா பாடல்களில் மெட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்குமே, அந்த ஒலி இந்தக் கருவியின் பரம்பரை என்று சொன்னால் உங்களுக்குப் பிடிபடும்.

அதற்கு முன்னால் இசைக்குழுவில் கீழ்ச்சுரம் வாசித்தவர்கள் ஆளைவிட உயரமான டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அதில் ஃப்ரெட் கிடையாது. சுரம் சரியாக விழ விரல்தான் பொறுப்பு. ஃபெண்டர் ஃப்ரெட் வைத்தார். சுரம் துல்லியமாக விழுந்தது. பெயரும் ‘துல்லியம்’ என்றே ஆயிற்று. கம்பியின் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதே 34தான். முதல் தடவையிலேயே இவ்வளவு சரியாகச் செய்தவர், கூடவே சில சில்லறைத் தொல்லைகளையும் செய்து வைத்தார். என் பிழைப்பு இயந்திர வரைபடங்களோடு. அதனால் எனக்குக் கண் அங்கேதான் போகிறது. அந்தத் தொல்லைகளில் ஒன்றைத் திருத்த இருபது வருஷம் ஆனது. இன்னொன்றைத் திருத்திவிட்டு, பிறகு வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

முதலில் ஒரு மரக்கட்டை. வாசிப்பவர் கட்டைவிரலால் கம்பியை மீட்டுவார் என்பது ஃபெண்டரின் கணிப்பு. மற்ற விரல்களுக்குப் பிடிமானம் வேண்டுமே என்று, மெல்லிய கம்பிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டையைத் திருகி வைத்தார். கருவி கைக்கு வந்ததும் பலர் செய்தது வேறு. டபுள் பேஸில் பழகியபடி ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மீட்டினார்கள். இப்போது ஓய்விடம் தேவைப்பட்டது கட்டைவிரலுக்கு, அதுவும் தடித்த கம்பிக்கு மேலே. கட்டையோ கீழேயே கிடந்தது. அதை மேலே ஏற்ற 1970-களின் நடுப்பகுதி வரை ஆனது. இரண்டே இரண்டு திருகாணி! எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

அடுத்தது மூடி. பிரிட்ஜுக்கு மேல் பளபளப்பான உலோக மூடி ஒன்று. அதன் உள்ளே ஒட்டிய நுரைரப்பர்த் துண்டு கம்பிகளை அழுத்தும். ஒலி நீளாமல் ‘டும்’ என்று சீக்கிரம் அடங்கிவிடும். டபுள் பேஸ்காரர்களின் காதுக்குப் பழகிய ஒலி அது. பிக்அப்புக்கு மேலே இன்னொரு மூடி. வாசிக்கிற கைக்கு இரண்டும் இடைஞ்சல். கழற்றி மேசைமேல் போட்டார்கள், சாம்பல் தட்டினார்கள். ‘ஆஷ்ட்ரே’ என்ற பட்டப்பெயர் இன்னும் போகவில்லை. பழைய பேஸ்களின் உடம்பில் அந்தத் திருகாணி ஓட்டைகள் மட்டும், தோடு போடாத காதுபோல, வெறுமனே இருக்கும்.

டெட்ராய்டின் மோடவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சன் மூடியைக் கழற்றவில்லை. அவருடைய 1962 ப்ரெசிஷனில் நுரைரப்பரும் இருந்தது. தட்டையாகச் சுற்றிய தடித்த கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். மீட்டியது ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்றால். மார்வின் கேயின் 1971 பாடலான ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் வந்தவுடனே அடங்கி, அடுத்ததற்கு இடம் விடுகிறது. அதனால்தான் அத்தனை சுரங்களை அடுக்கியும் பாட்டு சேறாகவில்லை. இழுத்துக்கொண்டே நிற்கும் ஒலியில் அதே விரல் வேலை ஒன்றோடொன்று குழம்பிப் போயிருக்கும். எல்லோரும் திட்டிய பாகம் ஒருவர் கையில் இசையானது என்று இதைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு இந்த மாதிரிக் கதைகளில் ஒரு சந்தேகம் உண்டு. ஒரு மேதையைக் காட்டி எல்லாத் தவறுக்கும் மன்னிப்பு வாங்கிவிடுகிறோம். அதே கருவியில் மன்னிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

நான்கு கம்பிகளும் சேர்ந்து பேஸின் கழுத்தை ஏறக்குறைய 75 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. ஓர் ஆள் இராப்பகலாகத் தொங்குவது போல. மரம் வளைந்து போகாமலிருக்க உள்ளே ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது: ட்ரஸ் ராட். அதன் முனையிலுள்ள நட்டை முறுக்கினால் கழுத்து நிமிரும், தளர்த்தினால் வளையும். நட்டு எந்த முனையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். கிப்சன் நிறுவனம் 1920-களிலேயே காப்புரிமை பெற்று அதைத் தலைப்பக்கம் வைத்துவிட்டது. சின்ன மூடியைத் திறந்தால் கைக்கு எட்டும். ஃபெண்டர் அடிப்பக்கம், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் வைத்தார். ஆகவே கால் சுற்று முறுக்க வேண்டுமென்றால் கம்பிகளைத் தளர்த்து, நான்கு திருகாணிகளைக் கழற்று, கழுத்தைத் தூக்கு, முறுக்கு, திரும்ப மாட்டு, சுருதி சேர், பார். போதலையா? முதல்லேர்ந்து வா.

ஃபெண்டருக்காகப் பேசவும் காரணங்கள் உண்டு. ரேடியோக்காரர் கண்ணுக்குக் கழுத்து ஓர் உதிரிப்பாகம். வயலின்போலப் பசை போட்டு ஒட்டாமல் திருகாணி போட்டு மாட்டினார். கெட்டால் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டலாம். தலைப்பக்கம் மரத்தைக் குடைந்தால் அந்த இடம் பலவீனமாகும் என்பதும் சரி. கிப்சன் கித்தார்கள் கீழே விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் முறிகின்றன. ஆனால் கழுத்தை மாற்றுவது ஆயுளில் ஒரு முறை நடந்தால் உண்டு. சரிக்கட்டுவதோ அடிக்கடி. அபூர்வமாக வரும் வேலையைச் சுலபமாக்கிவிட்டு, அடிக்கடி வரும் வேலையைக் கஷ்டமாக்கி வைத்திருக்கிறார். வரைபடத்தில் இது தெரியாது. பத்து வருஷம் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

நம் ஊரில் இன்னும் சீக்கிரம் தெரியும். வெளியே புழுக்கம், ஜாமிங் ஸ்டூடியோவில் ஏர்கோன். ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் மரம் அசைகிறது. என்னிடம் இருப்பது அந்தப் பழைய வடிவத்தின் மலிவு நகல். செய்தவர் பெயர் வேண்டாம். நான்காவது தடவை கழுத்தைக் கழற்றி மாட்டியபோது ஒரு திருகாணி பிடிக்காமல் சும்மா சுற்ற ஆரம்பித்தது. பல்குத்தும் குச்சியை ஒடித்து, பசை தடவித் துளையில் திணித்து ஒப்பேற்றியிருக்கிறேன். இதிலிருந்து எந்த இசையும் பிறக்கவில்லை.

மன்னிப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியாத ஒரு தொல்லையும் உண்டு. மெல்லிய ஜி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சுரம் சட்டென்று செத்துப்போகும். ‘டெட் ஸ்பாட்’ என்பார்கள். அந்த இடத்துச் சுரங்களின் அதிர்வெண் சுமார் 131-இலிருந்து 147 ஹெர்ட்ஸ் வரை. கழுத்துக்கும் தன் இயல்பான அதிர்வு இருக்கிறது. இரண்டும் நெருங்கும்போது கம்பியின் ஆற்றலைக் கழுத்து குடித்துவிடுகிறது. ஃபெண்டரின் நீண்ட தலையும் அதிலுள்ள நான்கு பெரிய முறுக்காணிகளும் அந்த அதிர்வைத் தீர்மானிப்பதில் பங்கெடுக்கின்றன. தலையில் ஓர் இரும்புக் கிளாம்ப்பை மாட்டினால் செத்த இடம் நகர்ந்து போகும், அடியோடு ஒழியாது.

நெட் ஸ்டைன்பெர்கர் தலையையே வெட்டிவிட்டார். நாற்காலி மேசை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 1980-ஐ ஒட்டி கிராஃபைட் கலவையில் அவர் செய்த பேஸ் துடுப்புபோல இருக்கும். தலை இல்லை, முறுக்காணிகள் அடிப்பக்கம். கழுத்து அவ்வளவு விறைப்பு என்பதால் ட்ரஸ் ராடே தேவைப்படவில்லை. செத்த சுரமும் கிட்டத்தட்ட இல்லை. எல்லாம் தீர்ந்தது என்று பார்த்தால், அதற்கு இரு முனையிலும் குண்டு வைத்த தனிக் கம்பி வேண்டும். சாதாரணக் கம்பி மாட்ட முடியாது. கச்சேரிக்கு முன் கம்பி அறுந்து, பக்கத்துக் கடையில் அந்த வகை இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

லியோ ஃபெண்டர் 1965-இல் தன் நிறுவனத்தை ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு சிபிஎஸ்-இடம் விற்றார். பிறகு மியூசிக் மேன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1976-இல் அங்கிருந்து வந்த ஸ்டிங்ரே பேஸில் நட்டு தலைப்பக்கம் இருந்தது. இருபத்தைந்து வருஷம்! ஆனால் அதற்குள் 9 வோல்ட் பேட்டரி ஒன்று புகுந்திருந்தது. கேபிளைச் செருகினால் மின்சுற்று உயிர் பெறும். தனி சுவிட்ச் கிடையாது. வாசித்து முடித்துக் கேபிளை உருவ மறந்தால் பேட்டரி தீரும், பேஸ் ஊமையாகும்.

நட்டைத் தலைப்பக்கம் கொண்டுபோகும் வேலையை ஃபெண்டர் நிறுவனமும் 1970-களின் நடுவில் ஜாஸ் பேஸில் தொடங்கியிருந்தது. பிறகு 1982-இல் 1957, 1962 ப்ரெசிஷன்களைப் பழைய வடிவத்திலேயே மீண்டும் செய்தார்கள். நட்டு மறுபடி அடிப்பக்கம். மரக்கட்டை மறுபடி மெல்லிய கம்பிக்குக் கீழே. பழைய நாவலை மறுபதிப்புச் செய்பவர் அச்சுப்பிழைகளையும் பத்திரமாக வைத்துக்கொள்வதுபோல. கட்டை எனக்குப் பிரச்சினையில்லை, அது வெறும் ஞாபகச்சின்னம். நட்டு அப்படியில்லை. அதற்கான வேலையை ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் கையால் செய்தாக வேண்டும்.

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் முதல் பேஸ் வாங்கப் போனான். கூட வரச் சொன்னான். “அண்ணே, எந்தக் கலர் நல்லாருக்கு?”

“கலரு எதுவா வேணா இருக்கட்டும். தலையில ஓட்டை இருக்கான்னு பாரு.”

சுவரில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியில் ஓட்டை இல்லாத ஒன்றைத்தான் எடுத்தான். அதில்தான் அந்த மரக்கட்டை இருந்ததாம்.